ஏழு நாற்காலிகள், நான்கு லட்சம் பிள்ளைகள்

அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. மத்திய அரசுக்கென்று ஒதுக்காத அதிகாரங்கள் மாநிலங்களைச் சேரும் என்பது அதன் பத்தாவது திருத்தம். அதனால் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைப் பள்ளி மாவட்டம் என்னும் உள்ளூர் அமைப்புகளிடம் விட்டுவிட்டன. இன்று அந்த நாட்டில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடத்த ஒரு வாரியம் உண்டு. பெரும்பாலான வாரியங்களில் 5 முதல் 7 உறுப்பினர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். ஹவாய் மட்டும் மாநிலம் முழுவதையும் ஒரே மாவட்டமாக வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1647-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும்; 100 குடும்பங்கள் ஆனால் இலக்கணப் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும். செலவு ஊரைச் சேர்ந்தது, மேற்பார்வையும் ஊரைச் சேர்ந்தது. 1837-இல் அதே மாசசூசெட்ஸின் கல்விச் செயலரான ஹோரஸ் மான், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான, வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி என்ற எண்ணத்தை நாடு முழுவதும் பரப்பினார். ஊருக்கு ஊர் தனி வாரியம் என்று பெருகி, 1930-களின் தொடக்கத்தில் 1,27,000-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருந்தன. ஓராசிரியர் பள்ளிகளை மூடி இணைத்ததில் அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகளைப் பிரித்து வைத்ததில் இந்த வாரியங்களுக்கும் பங்கு உண்டு. பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கில் எதிர்வாதி, கான்சாஸ் மாநிலத்து டொபீகா ஊரின் கல்வி வாரியம். உள்ளூர் அதிகாரம் என்பதாலேயே அது நல்ல அதிகாரம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இந்த முறை முற்றிலும் அந்நியமானதன்று. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்திய காலம் உண்டு. ‘போர்டு ஹைஸ்கூலில் படித்தேன்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மிடம் அந்த அதிகாரம் பிறகு தலைநகருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் ஊரிலேயே தங்கிவிட்டது.

இந்த முறை எப்படி இயங்குகிறது என்று பார்க்க லாஸ் ஏஞ்சலிஸ் பொருத்தமான இடம். நியூயார்க்கை அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. நியூயார்க்கில் 2002 முதல் பள்ளிகள் மேயரின் கையில் இருக்கின்றன. எனவே, தேர்தலில் வந்த வாரியம் ஆளும் மாவட்டங்களில் லாஸ் ஏஞ்சலிஸே மிகப் பெரியது. ஏழு தொகுதிகள், ஏழு உறுப்பினர்கள், நான்காண்டுப் பதவி. ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள். ஆண்டு வரவு செலவு 1,800 கோடி டாலர் அளவில். மாணவர் சார்பில் ஓர் உறுப்பினரும் மேடையில் உட்காருவார், ஆனால் அவர் வாக்கு முடிவில் எண்ணப்படாது.

வாரியத்துக்குப் போட்டியிடுகிறவரின் துண்டறிக்கையைப் படிக்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பதவியால் என்ன முடியும் என்பது. வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை அமர்த்தும், வேண்டாமென்றால் அனுப்பும். பட்ஜெட்டை நிறைவேற்றும். ஆசிரியர் சங்கத்தோடு போடும் ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும். பாடநூல்களையும் பாடத்திட்டத் தொகுப்புகளையும் தேர்ந்தெடுக்கும். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லைக் கோடுகளை வரையும். பள்ளிகளைத் திறக்கும், மூடும். மாநிலத்தின் கல்வித் தரநிலையை மாற்ற வாரியத்தால் முடியாது. பொதுத்தேர்வை நிறுத்த முடியாது. தன் விருப்பப்படி வரி போடவும் முடியாது. அதோடு, தனி உறுப்பினர் ஒருவருக்கு ஏழில் ஒரு வாக்கு மட்டுமே உண்டு. ‘நான் வந்தால் செய்வேன்’ என்று எழுதுகிறவர், மற்ற மூன்று பேரை எப்படிச் சேர்த்துக்கொள்வார் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை.

வேட்பாளரின் முன்னுரிமைகளில் முதலிடம் வாசிப்புக்குப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்றதைக் கற்கிறது. அங்கே தவறிய பிள்ளை அறிவியலிலும் தவறும், கணக்கில் வரும் வாக்கியக் கேள்வியிலும் தவறும். 2024-இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. கொரோனாவை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

காரணங்களில் ஒன்று வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. பல ஆண்டுகளாக அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் எழுத்தை ஒலியாக்கிக் கூட்டிப் படிப்பதை ஒதுக்கி, ஊகித்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் குதிரைப் படம், கீழே ‘போனி’ (மட்டக்குதிரை) என்று எழுத்து. பிள்ளை படத்தைப் பார்த்து ‘ஹார்ஸ்’ என்று சொன்னால், பொருள் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். படம் இல்லாத புத்தகம் கைக்கு வரும் வயதில் அந்தப் பிள்ளை திணறும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சிக்கலானது. அதனாலேயே அதை வரிசைப்படுத்திச் சொல்லித்தர வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வுகளின் முடிவு.

இதைச் செய்து காட்டியது, நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பி. 2013-இல் அங்கே ஒரு வாசிப்புச் சட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு ஒலிமுறைப் பயிற்சி அளித்தார்கள். பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சியாளர்களை அனுப்பினார்கள். பிள்ளைகளை ஆண்டுக்குச் சில முறை சோதித்தார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க வராத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டில் நான்காம் வகுப்பு வாசிப்பில் மாநிலங்களிடையே 49-ஆம் இடத்தில் இருந்த மிசிசிப்பி, 2024-இல் 9-ஆம் இடத்துக்கு வந்தது. வகுப்பில் நிறுத்திவைப்பது சரியா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நிறுத்திவைத்ததால்தான் மதிப்பெண் கூடியதாகத் தெரிகிறது என்பாரும் உண்டு. பயிற்சியும் பாடநூலும் மாறாமல் வெறுமனே நிறுத்திவைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றே கொள்ள வேண்டும். சட்டம் மாநிலத்தினுடையது, ஆனால் எந்த வாசிப்புத் தொகுப்பை வாங்குவது, எத்தனை பயிற்சியாளர்களை அமர்த்துவது என்பது வாரியத்தின் மேசைக்கு வரும் தீர்மானங்கள். வாசிப்பைப் பற்றிப் பேசும் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது, இப்போது மாவட்டத்தில் எந்தத் தொகுப்பு நடக்கிறது என்பதுதான். பெரும்பாலும் அதற்கு விடை வராது.

அடுத்தது வருகை. பள்ளி நாட்கள் சுமார் 180. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் வராத பிள்ளையைத் தொடர்ந்து வராதவர் பட்டியலில் சேர்க்கிறார்கள். கலிபோர்னியாவில் 2018-19-இல் 12 சதவீதமாக இருந்த இந்தப் பட்டியல், 2021-22-இல் 30 சதவீதமாயிற்று. காய்ச்சலுக்குப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்வது கொரோனா காலத்தில் பழக்கமாகி அப்படியே நிலைத்துவிட்டது. பேருந்து வசதி இல்லாதது, ஆஸ்துமா, இரவு வேலைக்குப் போகும் பெற்றோர், வகுப்பில் கேலி என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். சம்மன் அனுப்பி மிரட்டுவதில் பெரிய பலன் கிடைத்ததில்லை. வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, என்ன தடை என்று கேட்கிற ஆளை வேலைக்கு வைப்பதில் பலன் உண்டு.

கலிபோர்னியாவில் வருகை பணப் பிரச்சினையும்கூட. அங்கே மாநிலம் பள்ளி மாவட்டத்துக்குத் தரும் நிதி, பெயர்ப்பதிவேட்டில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து வருவதில்லை. சராசரியாகத் தினமும் எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்து வருகிறது. முப்பது பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் வராவிட்டாலும் விளக்கு எரிய வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும். வருவாய் மட்டும் குறையும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அமெரிக்கப் பள்ளிகளின் பெரும் சங்கடம். நாடளவில் பார்த்தால் மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழ சரிபாதியாகச் சுமக்கின்றன. மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவில்தான். உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் சொத்து வரி. மாளிகைகள் உள்ள ஊர்ப் பள்ளிக்குப் பணம் கொட்டும். குடிசைப் பகுதிப் பள்ளி கையேந்தும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971-இல் செரானோ வழக்கில் இந்த ஏற்றத்தாழ்வு மாநிலத்தில் செல்லாது என்றது. ஆனால் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1973-இல், டெக்சாஸின் சான் அன்டோனியோ மாவட்டம் பற்றிய வழக்கில், கல்வி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை ஆகாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்து, கூட்டாட்சி நீதிமன்றக் கதவை அடைத்தது. பிறகு 1978-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; வீடு கைமாறாதவரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அந்தக் கணத்திலிருந்து பள்ளி நிதியின் சாவி மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. 2013-இல் வந்த நிதி முறை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவருவோர், வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்வோர் ஆகியோருக்காக மாவட்டங்களுக்குக் கூடுதல் பணம் தருகிறது. அந்தக் கூடுதல் பணம் அந்தப் பிள்ளைகளுக்கே போகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது வாரியத்தின் கடமை. தேர்தல் மேடையில் எவரும் அவ்வளவாகத் தொடாத பொருள் இது.

கட்டடங்களுக்கு மட்டும் வேறு வழி. கடன் பத்திரம் வெளியிட வாக்காளரிடம் அனுமதி கேட்கலாம். 55 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும். 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் 900 கோடி டாலர் கடனுக்கு இப்படி ஒப்புக்கொண்டார்கள். பழைய கூரை, பழுதான குளிர்சாதனம், வெயிலில் கொதிக்கும் தார்த்தரை விளையாட்டுத் திடல்கள் என்று தேவைகள் நிறைய.

இந்தப் பணம் எப்படித் தவறிப் போகும் என்பதற்கும் அதே மாவட்டத்தில் உதாரணம் உண்டு. 2013-இல் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஐபேட் தருவது என்று வாரியம் தீர்மானித்தது. கம்பியில்லா இணைய வசதியையும் சேர்த்தால் செலவு 100 கோடி டாலரைத் தாண்டும் திட்டம் அது. பணம் எடுத்தது கட்டடக் கடனிலிருந்து. சில ஆண்டுகளே உழைக்கும் கருவிக்குப் பல பத்தாண்டுகள் வட்டி கட்ட வேண்டிய கடன். கருவிகள் பிள்ளைகளின் கைக்குப் போன சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான மாணவர்கள் பாதுகாப்புத் தடையை நீக்கி, விருப்பமான தளங்களுக்குப் போய்விட்டார்கள். அவற்றுக்குள் இருக்க வேண்டிய பாடங்களோ முழுமையாகத் தயாராகவே இல்லை. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் கண்காணிப்பாளர் ஜான் டீசி பதவி விலகினார். வாங்கும் முன் ஒரு சில பள்ளிகளில் சோதித்தீர்களா, ஆசிரியர்களைக் கேட்டீர்களா, மூன்றாண்டு கழித்து மாற்றுவதற்குப் பணம் எங்கே என்று மூன்று கேள்விகளை ஓர் உறுப்பினர் விடாமல் கேட்டிருந்தால் போதும். புதிய தொழில்நுட்பத்தைத் தன் முதல் முன்னுரிமையாக அறிவிக்கும் வேட்பாளரை இந்தக் கதை தெரிந்த வாக்காளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

எதிர்த்திசையிலும் வாரியம் போயிருக்கிறது. 2024 ஜூனில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்குத் தடை விதிக்க 5-க்கு 2 என்று வாக்களித்தது. 2025 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. செலவு குறைவு, பலன் வகுப்பறையில் உடனே தெரியும். இப்படிப்பட்ட முடிவுகளுக்குத்தான் உள்ளூர் வாரியம் மிகவும் தோதானது.

ஆசிரியர் விஷயத்தில் எல்லா வேட்பாளரும் ஒரே குரலில் பேசுவார்கள்: நல்ல ஆசிரியர் வேண்டும், நல்ல சம்பளம் தர வேண்டும். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆசிரியர்கள் முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு பள்ளி நாட்கள் மழையில் மறியல் நடந்தது. கேட்டது சம்பளம் மட்டுமன்று. சிறிய வகுப்புகள், எல்லாப் பள்ளியிலும் செவிலியர், கூடுதல் நூலகர்கள். ஒப்பந்தத்தில் 6 சதவீத ஊதிய உயர்வோடு அவையும் கிடைத்தன. 2023 மார்ச்சில் பேருந்து ஓட்டுநர்கள், சமையலறைப் பணியாளர்கள், துப்புரவாளர்கள், வகுப்பு உதவியாளர்கள் மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். ஆசிரியர்களும் துணை நின்றார்கள். பள்ளி என்றால் ஆசிரியரும் மாணவரும் மட்டும் என்று நினைத்துத் தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அந்த மூன்று நாட்கள் பாடம். பல பிள்ளைகளுக்கு அன்றைய முழுச் சாப்பாடே பள்ளியில்தான் என்பதால், மாவட்டம் வெளியே உணவு வழங்கும் இடங்களைத் திறக்க வேண்டியிருந்தது.

வேட்பாளர்கள் தொடத் தயங்கும் பொருள் ஒன்று இருக்கிறது: மாணவர் எண்ணிக்கை குறைந்துவருவது. 2000-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். பிறப்பு விகிதம் குறைந்தது. வீட்டு வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறின. பொதுப் பணத்தில் தனி நிர்வாகத்தால் நடத்தப்படும் சார்ட்டர் பள்ளிகளுக்குப் பலர் போனார்கள். பாதி காலியான கட்டடங்களை நடத்துவதால் ஒரு பள்ளியிலும் முழு வசதி செய்ய முடிவதில்லை. பள்ளியை மூடினாலோ அந்தத் தெருவே எதிர்த்து நிற்கும். எந்தப் பள்ளிகளை இணைப்பது, காலியாகும் நிலத்தில் ஆசிரியர்களுக்கு வீடு கட்டலாமா என்று பேசத் துணிகிறவரே நேர்மையான வேட்பாளர்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்வியும் இப்படி ஒதுங்கிப் போகிற பொருள்தான். 1975-இன் மத்தியச் சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வகுத்துத் தகுந்த கல்வி தரக் கட்டளையிட்டது. கூடுதல் செலவில் 40 சதவீதத்தை வாஷிங்டன் ஏற்பதாகவும் பேச்சு. அந்த 40 ஒருநாளும் வந்ததில்லை; பெரும்பாலும் அதன் பாதியைக்கூட எட்டவில்லை. மாநிலம் தருவது போக மீதியை மாவட்டங்கள் பொது நிதியிலிருந்து எடுத்து நிரப்புகின்றன.

இத்தனை பெரிய பொறுப்புக்கு நடக்கும் தேர்தலை மக்கள் கவனித்தது குறைவு. 2015 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் வாக்களித்தவர்கள் பதிவு செய்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். கூட்டம் குறைந்த இடத்தில் பணம் பேசும். 2017 தேர்தலில் சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்களும் ஆசிரியர் சங்கமும் மோதியதில், ஒன்றிரண்டு இடங்களுக்காக ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குச் செலவாயிற்று. அஞ்சலில் வந்து விழுந்த துண்டறிக்கைகளில் வாசிப்பைவிட வசைதான் அதிகம். 2020 முதல் இந்தத் தேர்தல், மற்ற பெரிய தேர்தல்கள் நடக்கும் இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டது. வாக்கு எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் நீண்ட வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறவர்களும் பலர்.

கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளை படிப்பதை உயர்நிலைப் பள்ளியின் உலக மொழிப் பாடமாகக் கணக்கில் எடுப்பதா என்று முடிவு செய்வது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம். சில மாவட்டங்கள் ஏற்றிருக்கின்றன. பெற்றோர் கூட்டமாகப் போய்க் கேட்டதால் கிடைத்த பலன் அது. விசாவில் இருப்பவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் வாக்களிக்க முடியாது. சான்பிரான்சிஸ்கோவில் நிலை வேறு: 2016-இல் அந்நகர வாக்காளர்கள் ஏற்ற சட்டத்தால், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்கு இல்லாதவர்களுக்கும் பேச்சு உண்டு. 1953-இன் திறந்த கூட்டச் சட்டப்படி, கலிபோர்னியாவில் எந்த வாரியமும் தன் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே பொதுவில் வைக்க வேண்டும். கூட்டத்தில் பொதுமக்களைப் பேச விட வேண்டும். பேச வருகிறவரிடம் கடவுச்சீட்டைக் கேட்க முடியாது. கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டுப் போங்கள். பட்ஜெட்டில் வாசிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.